இல்லாத இடுப்பு வலி

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். லாரி ஓட்டுநர் கோவிந்தராசு மட்டும் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

இனிமேல் கம்பெனிச் சரக்கு தாய்லாந்தின் ஹாட்யாய்வரை லாரியில் போகாது. எல்லை தாண்டியதும் வரும் மலேசியாவின் ஜோகூர்வரைதான் லாரி. அங்கே கிரேன் கண்டெய்னரைத் தூக்கி ரயிலில் வைத்துவிடும். காலையில் கிளம்பினால் சாயங்காலம் பிடோக் வீட்டில் காப்பி குடிக்கலாம். இடுப்பு வலிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஹாட்யாய்க்கு ஒரு லாரிகூடவா போகாது?" என்று கேட்டான்.

"எதுக்குண்ணே? ட்ரெயின் போகுது லா," என்றான் மேலாளர் ஷங்கர். "சொல்லப்போனா உங்களாலதான் இந்த ஐடியாவே வந்துச்சு. இடுப்பு வலின்னு ஒவ்வொரு ட்ரிப்பும் ஹாட்யாய்ல ரெண்டு நாள் படுத்துடுறீங்க, சரக்கு லேட்டாகுது. அண்ணி வேற போன மாசம் இங்க வந்து அழுதாங்க. பாஸ் மனசு இளகிடுச்சு."

அட பாவி மனுஷா! இடுப்பில் வலி இருந்தால்தானே? ஹாட்யாயில் அவனுக்கு இருந்தது மகள். மாலி, எட்டு வயது. லாரி நிறுத்துமிடத்துக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருந்தவளுக்கும் அவனுக்கும் பிறந்தவள். தாய்க்காரி போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை பக்கத்துக் கடைக்காரி தயவில் வளர்கிறது. மாதம் இரண்டு தடவை அவளோடு இருக்கத்தான் இந்த நாடகம். மனைவி விசாலாட்சியிடம் உண்மையைச் சொல்ல ஒன்பது வருஷமாகத் துப்பில்லை. இனி லீவு போட்டுப் பஸ் ஏறலாம் என்றால், இடுப்பு வலிக்காரன் எந்த முகத்தோடு பெண்டாட்டியிடம் கேட்பான்?

புது ஏற்பாட்டின் முதல் நாள், லாரியில் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூவும் போயிற்று. மாலி காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் வரைந்து கொடுத்த அளவுக்கு, தேக்காவில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியது.

"தம்பி, இதையும் உள்ள வச்சிட முடியுமா? ஹாட்யாய்ல சரக்கு இறக்குறவங்க தெரிஞ்சவங்கதான், குடுத்துடுவாங்க," என்று கிரேன்காரனிடம் கெஞ்சினான்.

"சீல் போட்டாச்சுண்ணே. தொட்டா என் வேலை போயிடும்."

கண்டெய்னர் மேலே போய், ரயிலில் இறங்கியது. சற்று நேரத்தில் ரயில் வடக்கே நகர்ந்தது. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றான்.

சாயங்காலம் வீட்டில் விசாலாட்சி, சிராங்கூன் சாலை அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்த குங்குமத்தை அவன் நெற்றியில் வைத்தாள். குப்புறப் படுக்கச் சொல்லி இடுப்பில் தைலம் தேய்த்தாள்.

"அம்மா கண்ணைத் திறந்துட்டா. இனிமே உங்கள எங்கேயும் அனுப்ப மாட்டாங்க."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாலி அழைக்கிற நேரம். அவன் எடுக்கவில்லை.

"இது யாருக்குங்க?" அவள் அவனுடைய வேலைப் பையிலிருந்து ஷூவை எடுத்திருந்தாள்.

மகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆபீஸ்ல குடுத்தாங்க."

"நம்ம வீட்ல ஏது பிள்ளை?" அவள் ஷூவைத் தடவிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டு ஜோனாவுக்குச் சரியா இருக்கும். குடுத்துடவா?"

"குடுத்துடு."

வெளியே நடைபாதையில் புது ஷூ டக் டக்கென்று ஓடியது. போன் மறுபடி அதிர்ந்து ஓய்ந்தது. கோவிந்தராசு தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

திரும்பி வந்த விசாலாட்சி பதறிப்போய்த் தைலப் புட்டியைத் திறந்தாள்.

"எங்கங்க வலிக்குது?"