நஷ்டம் வருவதற்கான பதினோரு வழிகள்

என் கணவர் யாரிடம் முதலீடு கேட்கப் போனாலும், அந்தப் பணம் எப்படியெல்லாம் போய்விடக்கூடும் என்பதைத்தான் முதலில் சொல்வார். அதற்கென்றே ஒரு தாள் வைத்திருந்தார். 'நஷ்டம் வருவதற்கான பதினோரு வழிகள்' என்று மேலே தலைப்பு. பல் மருத்துவர் ஒருவர் ஐந்தாவது வழியில் எழுந்து போனார். மரக்கடைக்காரர் இரண்டாவதைத் தாண்டவில்லை.

"கேக்கப் போற இடத்துல நீங்களே குழி வெட்டிக்கறீங்களே!" என்பேன்.

"முழுசா தெரியாம ஒருத்தர் சரின்னு சொன்னா அதுக்குப் பேரு சம்மதமா? ஏமாந்துட்டாருன்னு அர்த்தம்."

அவர் போய் இரண்டு வருடமாகிறது. இந்தப் பேச்சுகளை நினைத்தால் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வருகிறது. சிரிப்பு வரும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொடுப்பது அவர் தொழில். மனிதரை அவரவர் போக்கில் விட்டால் நல்லதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள் என்பது அவர் மதம். பழைய டீசல் வேனில் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் வைக்கும் வேலையை இரண்டும் சேர்ந்துதான் அவருக்குக் கொடுத்தன. பேட்டரிப் பெட்டியைத் தட்டு மாதிரி இழுத்து மாற்றலாம். அதில் பூட்டு இல்லை, முத்திரை இல்லை. "வாங்கினவன் பொருள். அவன் திறந்து பாக்கட்டும், கெடுக்கட்டும், என்னைவிட நல்லாவும் செய்யட்டும்" என்பார். அரசாங்கம் மானியம் தருகிறது என்று படிவம் கொண்டுவந்து கொடுத்தேன். "பக்கத்து வீட்டுக்காரர் பையிலிருந்து அவரைக் கேக்காம எடுத்த காசு அது" என்று திருப்பித் தந்தார்.

"நீங்க ஓட்டப்போற ரோடும் அப்படிப் போட்டதுதான்."

"ரோட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே. குழியைப் பத்தித்தான் சொல்றேன்!"

முதல் வேனிலேயே எங்கள் சேமிப்பு கரைந்தது. மாதக் கடைசிக்குள் ஒரு பங்குதாரர் கிடைக்காவிட்டால் பட்டறையைக் காலி செய்துவிட்டு மறுபடி மின்விசிறிக்குக் கம்பி சுற்றப் போகவேண்டும். மிச்சமிருந்த ஒரே ஆள் என் அண்ணன். அவர் டீசல் மெக்கானிக். புதிதாக ஒரு பம்ப் சோதிக்கும் இயந்திரம் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

அண்ணன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பதினோரு வழிகளையும் கேட்டார். எழுந்து போகவில்லை.

"மாப்பிள்ளை, என் சோத்துல மண்ணைப் போடறதுக்கு என்கிட்டயே காசு கேக்கற பாரு, அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு."

"மச்சான், டீசல் விலையை யார் வைக்கிறாங்க? அவர் முகத்தை நீங்க பாத்திருக்கீங்களா? எங்கயோ ஒருத்தர் தும்மினா இங்க ரொட்டி விலை ஏறுது. மின்சாரம்னா அப்படி இல்ல. காத்துல எடுக்கலாம், வெயில்ல எடுக்கலாம், அவனவன் கூரையிலயே எடுக்கலாம். யாரையும் இதை வாங்குன்னு சட்டம் போட்டுத் தள்ளவேண்டாம். நல்லா இருந்தா வாங்குவான். இல்லன்னா நம்ம காசு போகும், ஊர்க் காசு போகாது. அதனாலதான் நம்ம காசைப் போடணும்."

"பேச்சு இருக்கட்டும். பேக்கரியம்மா என்ன சொல்றாங்க பாக்கலாம். அவங்க சொந்தக் காசைப் போட்டு ரெண்டாவது வண்டி கேட்டா நானும் போடறேன்."

அந்த முதல் வேன் பேக்கரியம்மாவுடையது. வீதி வீதியாக ரொட்டி விற்கும் வண்டி. மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் பழைய இன்ஜினையே மாட்டித் தரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. இன்ஜின் அண்ணன் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்தது.

முதல் நாள் காலை வண்டி பூனை மாதிரிப் போனது. துளி சத்தமும் வரக்கூடாது என்று என் கணவர் மூன்று மாதம் பல்சக்கரங்களை ராவியிருந்தார். மதியம் திரும்பி வந்தபோது பாதித் தட்டுகள் அப்படியே இருந்தன.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. ரொட்டிதான் ஓடல" என்றார் பேக்கரியம்மா.

இருபது வருடமாக அந்த டீசல் கடகடவென்று வருவதைக் கேட்டுத்தான் மக்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். வண்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்திருக்கிறார். முன்னால் போன கார்கள் ஒதுங்கி வழிவிட்டன, அவ்வளவுதான். மோட்டார் தெரிந்தவர், டீசல் தெரிந்தவர், ரொட்டி தெரிந்தவர் என்று மூன்று பேர் கூடிப் பார்த்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"ஒரு ஸ்பீக்கர் வச்சு டீசல் சத்தத்தைப் பதிவு பண்ணிப் போட்டுடு" என்றார் அண்ணன்.

"இல்லாத இன்ஜினுக்குச் சத்தமா? வாங்கறவங்ககிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அவர் தாளை எடுத்துப் பன்னிரண்டாவது வழியை எழுதினார். 'வண்டி வந்திருப்பது யாருக்கும் தெரியாமல் போகலாம்.'

"தாள்தான் வளருது மாப்பிள்ளை, வியாபாரம் வளரல."

அன்று அவர் சாப்பிடவில்லை. மின்விசிறிகளின் கதை மறுபடி தொடங்கப்போகிறது என்று நானும் நினைத்தேன்.

இரண்டாம் நாள் எல்லோரும் வண்டியில் ஏறினோம். முன்னால் ஓட்டுநரும் நானும். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அண்ணனும் அவரும். முதல் தெருவில் நுழைந்ததும் ஓட்டுநர் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டார். டீசலோடு போட்டி போட்டே இருபது வருடம் பேசியவர் அவர். குரலைத் தாழ்த்த அவருக்குத் தெரியாது.

"அக்கா! உங்க வீட்டுக்காரர் நேத்து ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையாமே!"

தெருவில் பத்து ஜன்னல்கள் திறந்தன. இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு சாப்பிடல? அட, ரொட்டி வண்டியா! நேத்து ஏன் வரல? ரெண்டு எடுத்து வைங்க, வரேன்!"

"நேத்தும் வந்தேம்மா! உங்களுக்குத்தான் காது கேக்கல!"

"உங்க வண்டிக்குத்தான் வாய் போச்சு!"

எதிர் வீட்டில் சிரித்தார்கள். அதற்குப் பக்கத்து வீட்டில் என்ன என்று விசாரித்தார்கள். பையோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். அதுவரை எனக்கே தெரியாத ஒன்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் இந்த மக்கள் ஓட்டுநரோடு நின்று பேசியதே இல்லை. இன்ஜின் இரைச்சலில் விரலைக் காட்டி வாங்கிப் போயிருக்கிறார்கள். இப்போது அவர்கள் சொல்வது அவர் காதில் விழுந்தது. ஒருவர் தனி ஆள், சின்ன ரொட்டி வேண்டும் என்றார். ஒருவர் பல் போய்விட்டது, ஓரம் மெத்தென்று இருக்கட்டும் என்றார். ஓட்டுநர் ஒவ்வொருவரையும் ஊருக்கே கேட்கும்படி நலம் விசாரித்துக்கொண்டு போனார். அடுத்த தெருக்காரர்கள் நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வாசலில் நின்றார்கள்.

ஒன்பதாவது தெருவில் தட்டு காலி.

பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "பாத்தீங்களா மச்சான்? எந்தக் கமிட்டி உக்காந்து யோசிச்சுது? எந்தத் திட்டத்துல இது இருந்துச்சு? அவர் தொண்டை, அவங்க காது, நடுவுல ஒரு சத்தமில்லாத வண்டி. விட்டா தானா நடக்குது!"

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஆனா அது உன் வாய் இல்ல மாப்பிள்ளை, அவரு வாய்."

மூன்றாம் நாள் பேக்கரியம்மா சின்ன ரொட்டிக்கென்று தனித் தட்டு ஏற்றி அனுப்பினார். அதுவும் தீர்ந்தது. மாலையில் நாங்கள் மூவரும் அண்ணன் பட்டறையில் இருந்தபோது அவரே அங்கே வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பழைய இன்ஜினை ஒரு பார்வை பார்த்தார்.

"இது எனக்கு வேண்டாம், வித்துடுங்க. அடுத்த வேனை எப்ப கொண்டுவரட்டும்? பாதிப் பணம் இப்பவே தரேன்."

அவர் போனதும் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே பணத்தை எடுத்துத் தரேன்" என்றார்.

என் கணவர் முகம் மலர வேண்டாமா? கவலை வந்துவிட்டது. "அவசரப்படாதீங்க மச்சான். ஒரு வாரம் யோசிங்க. இன்னும் பன்னிரண்டு வழி இருக்கு. மூணு நாள் ரொட்டி வித்தா போதாது. நான் வற்புறுத்தின மாதிரி ஆயிடக்கூடாது."

"அடேய்! எல்லாருக்கும் எல்லாச் சுதந்திரமும் உண்டுன்னு சொல்றியே, யோசிக்காம இருக்கறதுக்கு எனக்குச் சுதந்திரம் இல்லையா?"

என் கணவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். நான் சிரித்துக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன உக்காந்துட்ட? எழுந்து வா" என்றார் அண்ணன். "ரெண்டாவது வண்டிக்கு இடம் வேணாமா? இந்த இன்ஜினைப் பிடி."

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். பிணக்கனம். அவர் தள்ளிக்கொண்டே, தானாக முன்வந்து செய்கிற வேலையில் பாரம் தெரியாது என்று ஆரம்பித்தார்.

"பேசாம தள்ளுங்க" என்றோம் அண்ணனும் நானும்.