தெற்கே போகும் டிரெய்லர்

மூன்றாவது தடவையும் டிரெய்லரின் வால் கம்பத்தில் இடித்தபோது, லைசென்ஸ் சோதனை அதிகாரி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லெட்சுமி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். பதினோரு வருடமாக பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினிலிருந்து பாலம் தாண்டி, தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனுக்கு பிஸ்கட் பெட்டி ஏற்றிப் போகிறவள். சின்ன லோரியை எந்தச் சந்திலும் உரசாமல் கோஸ்தான் போட்டுப் பின்னால் எடுக்கிறவள். ஆனால் டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது வேறு வித்தை. ஸ்டீரிங் வலப்பக்கம் திரும்பினால் வால் இடப்பக்கம் போனது.

"அடுத்த மாசம் டிரெய்லர் ஓட்டுற இ லைசென்ஸ் கெடைச்சிரும்க்கா," என்றார் பயிற்சி கொடுக்கும் மீரா சாகிப். "ஆனா ஜோகூருக்கு லோட் அடிச்சா திரும்பி வர மூணு நாளாகும்லா. வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாரா?"

கணவன் ஆனந்தராஜா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஜோர்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் கிராணி அவர். எந்த வண்டியில் ஏறினாலும் கால் மணி நேரத்தில் குமட்டும். கல்யாணமான பதினாலு வருடத்தில் இருவரும் சேர்ந்து போன தூரம், அவள் அம்மா இருக்கும் தாசேக் கெலுகோர் வரைதான். அதற்குள் வழியில் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தவேண்டி வந்தது. லெட்சுமியின் கனவிலோ ரோடு முடிவதே இல்லை. இரு பக்கமும் மரங்கள் மெல்ல விலகி வழிவிட, அவள் தெற்கே போய்க்கொண்டே இருப்பாள்.

அன்று சாயங்காலம், தோற்ற சேதியைக் கேட்டதும் அவர் மகளின் பென்சில் டப்பாவையும் ஒரு தீப்பெட்டியையும் லோரியும் வாலும் போல நூலால் கட்டி மேசைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம நீ பழகுற மைதானத்துக்கு வந்தேன். வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன்."

"பஸ்லயா?"

"ஃபெரியில வந்து, அப்புறம் நடந்தேன்." தீப்பெட்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "நீ வாலப் பாக்கல. கேட்டைப் பாத்துக்கிட்டே இருக்க. யாரத் தேடுற?"

"நீங்க வந்து நிறுத்திருவீங்களோன்னுதான்."

நூல் முறுக்கிக்கொண்டது. அவர் அதைப் பொறுமையாகப் பிரித்தார்.

"நீ போ லெட்சுமி. போயி, என்னா இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அடுத்த மாதச் சோதனையில் அவள் கேட்டைப் பார்க்கவில்லை. நாற்பதடி டிரெய்லர் கம்பங்களுக்கு நடுவே தண்ணீரில் படகு நுழைவதுபோல நுழைந்து நின்றது.

முதல் லோட் தெற்கே, ஜோகூருக்கு. விடியலில் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பியவள், ஈப்போவைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையோரம் நிறுத்தினாள். பக்கத்திலிருந்த டெலிபோன் கூண்டிலிருந்து கணவனின் கடைக்குப் போன் அடித்தாள்.

"எங்க இருக்க?"

"ஈப்போ தாண்டிட்டேங்க."

"என்னா தெரியுது?"

"மலைங்க. வெள்ள வெள்ளயா, செங்குத்தா. மேகம் பாதியிலயே ஒக்காந்திருக்கு."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அப்புறம்?"

"மழ வருதுங்க. மலையோரமா நடந்து வருது. இங்க இன்னும் வெயிலுதான்."

"ம். சொல்லு."

டிரெய்லரின் வால் முதலில் நனைந்தது. பிறகு நடுப்பகுதி கறுத்தது. மழை ஒவ்வோர் அடியாக அவளை நோக்கி வந்தது. லெட்சுமி பேச்சை நிறுத்தி, ரிசீவரைக் கூண்டுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள்.