பதினோரு நாள் தூதர்

பக்கத்து நாட்டில் எங்கள் நாட்டின் தூதராகப் பதினோரு நாள் வேலை பார்த்திருக்கிறேன். கொடி வைத்த கார், கதவு திறந்துவிட ஆள், காலாட்ட வசதியான நாற்காலி எல்லாம் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் இரண்டு நாடுகளுக்கும் நடுவே வெடிக்க இருந்த போரை ஒற்றை விரலால் நிறுத்தினேன். அந்த விரல் இன்றைக்கும் லேசாக வளைந்துதான் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். அப்போது என் உத்தியோகம் என்ன என்கிறீர்களா? அதே தூதரகத்தில் டைப்பிஸ்ட்.

இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்பார்கள். அப்படிக் கேட்காத ஒரே மனிதர் என் சம்பந்தி, என் மருமகளின் அப்பா. "எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு சம்பந்தி, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். அவர் எதிர்க்கரைக்காரர். அந்த நாட்டு வெளியுறவுத் துறையில் முப்பத்தைந்து வருடம் தபால் வாங்கி முத்திரை குத்தியவர். ஒரு கரும்புள்ளிகூட இல்லாத சர்வீஸ் என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிக்கொள்வார்.

கரை என்று சொன்னேன் அல்லவா? இரண்டு நாட்டின் தலைநகரங்களும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. படகில் பத்து நிமிடம். எங்கள் தூதரகத்து மொட்டைமாடியில் ஏறி நின்றால் எங்கள் நாட்டு அமைச்சரகத்தில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதுகூடத் தெரியும்.

அந்தத் தூதர் பதவி பிறந்த கதையே வேடிக்கை. ஆற்றின் நடுவே முளைத்த ஒரு மணல்திட்டு யாருக்குச் சொந்தம் என்று பேசத்தான் முதல் தூதரை அனுப்பினார்கள். அவர் தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பிப்பதற்குள் வெள்ளம் வந்து திட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. திட்டு போன பிறகும் பதவி மட்டும் போகவில்லை. அதற்கப்புறம் அங்கே போக ஒருவரும் ஆசைப்பட்டதில்லை. வெளிநாட்டு உத்தியோகம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பும்போது, "சாயங்காலம் வரும்போது பால் வாங்கிட்டு வந்துடுங்க" என்று வீட்டில் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒரு விதி உண்டு. தூதர் தான் இருக்கும் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால், திரும்பும்வரை பொறுப்பு யாரிடம் என்று அந்த நாட்டு வெளியுறவுத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மற்ற ஊர்களில் வருடத்துக்கு இரண்டு கடிதம் போனால் அதிகம். எங்கள் தூதருக்கோ தினமும் மதியச் சாப்பாடு சொந்த வீட்டில்தான். பன்னிரண்டரைக்கு, "நான் நாட்டைவிட்டுச் செல்கிறேன், பொறுப்பு முதல் செயலாளரிடம்" என்று ஒரு கடிதம். இரண்டரைக்கு, "திரும்பிவிட்டேன்" என்று இன்னொன்று. இரண்டின் அடியிலும், தங்கள்மீது எனக்குள்ள உயர்ந்த மதிப்பை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன் என்ற வரி. சாப்பாட்டுக்கு முன் ஒரு மதிப்பு, பின் ஒரு மதிப்பு. நான் டைப் அடித்து, தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்திலிருந்த அவர்கள் வெளியுறவுத் துறையில் நீட்டுவேன். பின்னாளில் சம்பந்தியாகப் போகிறவர் ‘டொப்’ என்று முத்திரை குத்துவார். இப்படியே ஆறு வருடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் செயலாளருக்குப் பல்வலி, அவருடைய பல் டாக்டர் எங்கள் கரையில். இரண்டாம் செயலாளர் வீட்டில் மாமனார் வந்திருந்தார். தூதருக்கு வழக்கம்போல் பசி. இருந்ததே மூன்று அதிகாரிகள். மற்றவர் இருப்பார் என்று நினைத்து மூவரும் பன்னிரண்டரைப் படகில் ஏறிவிட்டார்கள். படகில் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் வேறு சொல்லிக்கொண்டார்களாம்.

ஒரு மணிக்கு வெடித்தது தகராறு. பழைய மணல்திட்டு மறுபடி தலைதூக்கியிருந்தது. இரண்டு தரப்பும் அதில் கொடி நட்டுவிட்டன. படகு நின்றது, அக்கரை டெலிபோனும் அறுந்தது. மூன்று மணிக்கு எதிர்க் கட்டடத்திலிருந்து கேட்டார்கள்: "முதல் செயலாளரும் படகேறிவிட்டாராமே, பொறுப்பில் யார்? ஐந்து மணிக்குள் பெயர் வராவிட்டால் தூதரகம் மூடப்பட்டதாக வைத்துக்கொள்வோம். கொடி இறங்கும்."

தூதரகத்தில் மிஞ்சியது நானும் டிரைவரும் காவலாளியும்தான்.

"அண்ணே, இந்த நேரத்துல கொடி இறங்குனா அடுத்தது பீரங்கிதான்" என்றார் டிரைவர்.

"அதுக்கு நான் என்னய்யா பண்றது?"

"டைப் அடிங்க. உங்களுக்கு அது ஒண்ணுதானே தெரியும்!"

பத்து விரலும் நடுங்கின, ஒன்றைத் தவிர. அந்த ஒற்றை விரலால் அடித்தேன். பொறுப்பு இன்னாரிடம் என்ற இடத்தில் என் பெயர். உயர்ந்த மதிப்பையும் மறக்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூச்சிரைக்க ஓடி நீட்டினேன். முத்திரைக்காரர் இடது காதில் போனை இடுக்கிக்கொண்டு, "சமையல்கட்டு ஜன்னல நானே சரி பண்ணிடறேன்னு சொன்னேன்ல" என்று வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். கடிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டொப்! அவ்வளவுதான், நான் தூதர்.

நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. அந்த நாட்டு அமைச்சரக ஆட்கள் மாறி மாறி வந்து மேசையைக் குத்தினார்கள். நான் ஆறு வருடமாக டைப் அடித்துப் பழகிய ஒரு வாக்கியத்தை எல்லோருக்கும் சொன்னேன்: "என் அரசின் கருத்தைக் கேட்டுத் தெரிவிக்கிறேன்." கேட்கத்தான் வழியே இல்லையே! இப்படிக் கேட்டுச் சொல்கிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்றே போரை நாள்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

ஆறாம் நாள் முத்திரைக்காரரே ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"தூதரப் பாக்கணும்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"விளையாடாதீங்க சார். என் சம்சாரத்துக்கு வலி எடுத்திடுச்சு, குழந்தை குறுக்க கெடக்குதாம். உங்க கரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. உங்க தூதர் அனுமதி இருந்தாத்தான் நோயாளிப் படகு விடுவாங்களாம்."

"செவ்வாய்க்கிழமை நீங்க முத்திரை குத்துன லெட்டர்ல யார் பேர் இருக்குன்னு படிக்கலையா?"

அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். நான் அதற்குமேல் விளையாடவில்லை. அனுமதியை அடித்து, ‘தட்டச்சர், தூதரகப் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே எங்கள் கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

பிறகு யாரோ சமாதானம் பேசினார்கள், படகு ஓடியது. மூன்று அதிகாரிகளும் பூனைபோல் உள்ளே வந்தார்கள். "திரும்பிவிட்டேன்" என்று தூதருக்காக அடித்தேன். எந்தக் கரையிலும் இதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

அந்தப் பெண் வளர்ந்து, படகில் வந்துபோய்க்கொண்டிருந்தபோது என் மகனைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஆற்றுப் படகு ஓட்டும் பரீட்சையில் முதலாவதாகத் தேறியிருக்கிறாள். ஆனால் வேலை எங்கள் குடிமக்களுக்கு மட்டும். முறையான அனுமதியோடு வந்த தாய்க்கு இங்கே பிறந்தவள் என்று நிரூபித்தால் குடியுரிமை உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். குடியுரிமை அலுவலகத்து அம்மாவோ என் அனுமதிச் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "டைப்பிஸ்ட் கையெழுத்துப் போட்டா எப்படிங்க செல்லும்?" என்று கேட்டுவிட்டார். எதிர்க்கரைக் கடிதக்கட்டுகளை ஒரு வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மூன்று அதிகாரிகளும் இப்போது உயிரோடில்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி முத்திரை குத்திய கை.

வியாழக்கிழமை மருமகள் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எதும்மா? உங்கப்பன் படிக்காமலே முத்திரை குத்துவான்னா? அதை வேற எழுதி வாங்கிப்பாங்களே."

"நான் பொறந்ததே அந்த முத்திரையாலதானே?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கூப்பிடாமலே எங்களோடு படியேறினார். அலுவலகத்து அம்மா சீட்டை மேசைமேல் வைத்தார்.

"இந்தத் தேதியில தூதரகப் பொறுப்பு யார்கிட்ட இருந்துச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

சம்பந்தி நெற்றியைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"இவர் பேர் போட்ட லெட்டர் வந்துச்சு மேடம். நான் படிக்கல. போன்ல ஜன்னலப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். ஆனா குத்துன முத்திரை என்னோடது, குத்துனா குத்துனதுதான். எழுதிக்கோங்க."

அந்த அம்மா எழுதினார். மருமகள் மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தனை நாள் பொறுப்புல இருந்தார்?"

"பதினோரு நாள்" என்றேன்.

"ஒன்பது" என்றார் சம்பந்தி. "நடந்தது நெஜம் மேடம். இவர்தான் தூதர். ஆனா ஒன்பது நாள்."