கறுப்பை இறக்கிய ஆறு மாதம்

வசந்தாவுக்கு முப்பத்து நாலு வயதுதான். அதற்குள் தலை பாதி வெளுத்துவிட்டது. கறுப்புச் சாயம் இரண்டு தடவை பூசிப் பார்த்தாள். இரண்டு தடவையும் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கிப்போனது. இனி அதைத் தொடவே கூடாது என்று பூந்தமல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதம், புருஷன் கங்காதரனோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் அவனிடம், "அண்ணாத்தே, உங்கம்மாவ அந்த சீட்ல குந்த வை" என்றார். கங்காதரன் சிரித்துவிட்டான். குமணன்சாவடி வரும்வரை வசந்தா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது சென்னீர்குப்பத்தில், வெளிநாட்டுக்கு முடி அனுப்பும் கம்பெனியில். மூட்டையாக வரும் முடியை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுவாள். பக்கத்துக் கொட்டகையில் அந்தக் கறுப்பு முடி வாரக்கணக்கில் தொட்டியில் ஊறிப் பொன்னிறமாக வெளியே வரும். பஸ்ஸில் போனதற்கு மறுநாள் அதைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. வெள்ளையைத்தான் கறுப்பாக்க முடியாது; கறுப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் என்ன?

தொட்டி வேலை பார்க்கும் ரகுநாதனிடம் கேட்டாள்.

"ஒரே நாள்ல கருப்ப எறக்குனா கையில நாருதாம்மா மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாதான் எறக்கணும். இங்க கீற மருந்த மட்டும் தலையில வெச்சுடாத, தோலு வெந்துடும்" என்றான் அவன்.

டாக்டரைக் கேட்டு, மருந்துக் கடையில் முடியை வெளுக்க வைக்கும் பெராக்சைடை வீரியம் குறைந்ததாக வாங்கி, அதிலும் தண்ணீர் கலந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்தாள். சீப்பில் வந்த முடியை அதில் நனைத்து, ஈரத்தோடு இழுத்துப் பார்த்தாள். அறுந்தது. இன்னும் தண்ணீர் கலந்தாள். அறுந்துபோகவில்லை.

"இன்னா வசந்தா, இதெல்லாம் தேவையா?" என்றான் கங்காதரன்.

"உன் பக்கத்துல நின்னா நா உன் அம்மா மாதிரி தெரியக் கூடாது."

 பின்னந்தலை அவளுக்கு எட்டவில்லை என்று கண்டதும் அவனே சீப்பை வாங்கிக்கொண்டான். அம்பத்தூரில் லேத் ஓட்டும் கை அது. மெல்லிய இழைகளாகப் பிரித்து, தோலில் படாமல் தடவினான். அரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. அலசி, எண்ணெய் வைத்து, அடுத்த பதினைந்து நாள் தலையைத் தொடாமல் விட்டார்கள்.

முதல் மாதம் செங்கல் நிறம் வந்தது. எதிர்வீட்டுப் பொன்னியம்மா, "இன்னாடி, தலையில துரு ஏறிக்கிச்சா?" என்று தெருவே கேட்கச் சிரித்தாள். ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்ற வெறியோடு வசந்தா அன்று பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தவள், நாராகிப்போகும் தன் முடியை நினைத்துப் பார்த்து, திரும்ப மூடினாள்.

ஆடி பிறந்தபோது தலை தேன் நிறத்துக்கு வந்திருந்தது. நரை எது, மற்றது எது என்று தெரியவில்லை. ஈர முடி முன்பைவிடத் துவளுவதாக விரல் சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். கம்பெனி முடியின் முழுப் பொன்னிறம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆவணியில் தம்பி மணவாளனுக்குக் கல்யாணம். பாரிவாக்கத்துப் பெண், நாகவல்லி. தாலி கட்டும்போது அக்காதான் முடிச்சுப் போட வேண்டும்.

"அக்கா, வீடியோ எடுக்கறாங்க. ஒரு நாளைக்கு மட்டும் கருப்பு அடிச்சுக்கயேன்" என்றான் மணவாளன்.

"மூஞ்சி வீங்கிடும்டா."

"அப்ப சித்தப்பா பொண்ணு பூங்காவனத்த முடிச்சு போடச் சொல்றேன்."

கங்காதரன் எழுந்துவிட்டான். "அப்ப நாங்க மண்டபத்துக்கே வரலடா."

வசந்தா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கல்யாணத்துக்குப் போனார்கள். பூங்காவனம்தான் முடிச்சுப் போட்டாள். வசந்தா மூன்றாவது வரிசையிலிருந்து அட்சதை தூவினாள். தம்பியைத் தூக்கி வளர்த்த கை அது.

ஐப்பசியில் ஒருநாள் நாகவல்லி தனியாக வந்தாள். பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். கொப்புளம் கொப்புளமாகச் சிவந்திருந்தது.

"அண்ணி, எனக்கும் நரைதான். கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே சாயம் பூசிகினு கீறேன். அவருக்குத் தெரியாது. உங்கள மாதிரி எனக்கும் பண்ணி வுடுங்க."

வசந்தா வெகுநேரம் அந்தக் கழுத்தையே பார்த்தாள். அன்று மண்டபத்தில் இந்தப் பெண் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது வெட்கத்தால் மட்டுமில்லை போலிருக்கிறது.

"மொதல்ல டாக்டர பாரு. புண்ணு ஆறட்டும். அப்பறம் ஆறு மாசம் ஆவும். அவசரப்பட்டா முடி போய்டும்" என்றாள். "இன்னொண்ணு, மணவாளன்கிட்ட நீயே சொல்லிடு. ஒளிச்சு வெச்சுப் பண்ண மாட்டேன்."

நாகவல்லி தயங்கித் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணவாளனே அவளை சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். உள்ளே வராமல் வாசலில் நின்று சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அங்கயே நிக்கிற? வந்து டீ குடி" என்றாள் வசந்தா.

"அக்கா…" என்று ஆரம்பித்தான்.  செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.