கதவுக்குப் பின்னால் இருக்கும் பெயர்

கோட்டைச் சுவரில் பெயர் செதுக்கியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய், தங்கள் பெயருக்கு அடியில் நின்று காட்ட வேண்டும். ஆண்களுக்குக் காணும் பொங்கல் அன்று. பெண்களுக்கு மறுநாள். நின்று காட்டினால் ‘இருக்கிறார்’ என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டு ஓராண்டுக்குச் செல்லும்.

சீட்டு இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போய்விடாது. ஆள் கொஞ்சம் மங்கிவிடுவார், அவ்வளவுதான். டீக்கடை வீராசாமி இரண்டு ஆண்டுக்கு முன் ஜுரம் என்று போகாமல் இருந்துவிட்டார். அதன் பிறகு பேருந்தில் அவர் மடிமேலேயே ஆட்கள் உட்கார்ந்துகொண்டு பயணம் செய்தார்கள். மனிதர் எத்தனை பேரிடம்தான் சண்டை போடுவார்? இப்போது நின்றுகொண்டே போகிறார்.

தாண்டவராயன் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று முப்பத்தாறு ஆண்டுகள் எழுதியவர். தனி ஆள். வீட்டில் ஒரு நாற்காலி உண்டு. அதுவும் அவர் உள்ளே வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த ஆண்டும் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டார். கோட்டைக்குள் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. அதன் நீண்ட நடையில்தான் பெயர்கள். வாசலில் ‘சுவரில் கிறுக்குவது தண்டனைக்குரியது’ என்று ஒரு கல்பலகை. பலகை முழுக்கப் பெயர்கள். அவையும் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டவை என்பதால் பலகையைப் பாதுகாக்க இன்னொரு பலகை வைத்திருந்தார்கள்.

உள்ளே ஆண்கள் அவரவர் பெயருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் செதுக்கிவிட்டுப் போன வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனுக்குப் பதிலாக ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. அதற்கும் சீட்டுக் கொடுத்தார்கள். பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனது.

தாண்டவராயனின் பெயர் நுழைவாயிலிலேயே, கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆளுயரத் தேக்குக் கதவு. முழுக்கத் திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு பெயரை மறைத்துவிடும். அவருடைய முறை வரும்போது மட்டும் கதவைப் பாதி சாத்துவார்கள். அப்போது சுவரில் இப்படித் தெரியும்: ‘தாண்டவராயன் +’. அதன் கீழே ‘காணும் பொங்கல் 76’. கூட்டல் குறிக்கு அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு வெறும் கல்.

இது அந்த ஊர் வழக்கம். காணும் பொங்கலன்று கோட்டைக்குப் போகும் பையன் தன் பெயரையும் ஒரு கூட்டல் குறியையும் செதுக்கிவிட்டு வந்துவிடுவான். பெண்ணின் பெயரை அவன் எழுதக் கூடாது. அது அவள் தலையில் பழி போடுவது. மறுநாள் பெண்கள் போவார்கள். இஷ்டம் இருந்தால் அவளே தன் கையால் குறிக்குப் பக்கத்தில் எழுதுவாள். இஷ்டம் இல்லாவிட்டால் சுண்டல் தின்றுவிட்டு வந்துவிடுவாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இருபத்திரண்டு வயதுத் தாண்டவராயனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அவருக்கு வாய் வராது. தினமும் ஏழு நாற்பது பேருந்தில் தறிப்பட்டறைக்குப் போகும் வச்சலாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அவள் ஓடி வருவதைப் பார்த்துப் பேருந்தை இரண்டு நிமிடம் நிறுத்திவைத்தார். தாமதத்துக்குக் காரணம் ‘மாடு’ என்று அவர் எழுதியதை நடத்துநர் உரக்கப் படித்தார். உத்தியோகத்தில் அவர் எழுதிய ஒரே பொய் அதுதான். அவள் ஏறும்போது நேரக் காப்பாளர் அறைக்கு மேலே அவர் பெயர் எழுதியிருந்த பலகையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையை நம்பித்தான் அவர் உளி எடுத்துக்கொண்டு போனார். அதிலும் கூச்சம். நாலு பேர் பார்க்கக் கூடாதென்று கதவுக்குப் பின்னால் போய்ச் செதுக்கினார். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தபோது இடம் காலியாக இருந்தது. சரி என்று போய்விட்டார். அந்தச் ‘சரி’யைச் சொல்லி நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன.

கோட்டை அலுவலகத்தைச் சேர்ந்த பரிமளா அளவுகோலோடு வந்தாள். நல்ல பெண். அவருடைய உயரத்தை அளந்தாள். போன ஆண்டைவிட அரை விரற்கடை குறைந்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“கூட்டலுக்கு அப்பால ஒண்ணும் இல்லையேங்க ஐயா.”

“ஆமாம்மா.”

“புது உத்தரவு வந்திருக்குது. ஒரு பக்கம் காலியா இருந்தா அது பாதியில நின்ன கட்டடம். இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும். இல்லன்னா பூசிடுவாங்க.”

குறியை மட்டும் எடுத்துவிட முடியாதா என்று அவர் கேட்டார். முடியாது என்றாள். அது பெயரைவிட ஆழமாக இறங்கியிருக்கிறதாம். உண்மைதான். பெயரைச் செதுக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. குறியில்தான் தைரியம் வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். வேறு இடத்தில் புதிதாகச் செதுக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டுப் பார்த்தார். ஒரு பெயருக்கு ஓர் இடம்தான், பழையது இருக்கிறவரை புதியதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டு, பரிமளா அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தாள்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள். ‘வர வேண்டியவர்.’ ‘வராத காரணம்.’ அவருக்குப் பழக்கமான படிவம்தான். பஞ்சர், ரயில்வே கேட், மாடு என்று எத்தனையோ எழுதியிருக்கிறார். முதல் கட்டத்தில் வச்சலா என்று எழுதினார். இரண்டாவது கட்டத்தில் எழுத அவரிடம் எதுவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் மணி பதினொன்று ஆகிவிட்டது.

உட்காரலாம் என்று ஏகாம்பரத்தின் அருகில் போனார். ஏகாம்பரம் பக்கத்து வீட்டுக்காரர். போன ஆண்டு நின்று காட்ட வந்தவர் சற்று அதிக நேரம் நின்றுவிட்டார். தூணாகிவிட்டார். மனைவி குப்பம்மாள் தினமும் மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறாள். பாதியைத் தூணின் அடியில் வைத்துவிட்டு மீதியைத் தான் சாப்பிடுகிறாள். தூணுக்குக்கூடச் சாப்பாடு வருகிறதே என்று தாண்டவராயனுக்குப் பொறாமையாக இருக்கும். பொறாமைதான், அதை மறைப்பானேன்.

“நல்லா இருக்கியா ஏகாம்பரம்?”

“மேல என்ன தெரியுது?” என்றது தூண்.

“கூரை.”

“அப்ப நல்லாத்தான் இருக்கேன்.”

குப்பம்மாள் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள். அவர் கையில் இருந்த படிவத்தைப் பார்த்து என்னவென்று விசாரித்தாள். நாற்பத்தொன்பது ஆண்டில் முதல் தடவையாகத் தாண்டவராயன் வச்சலாவின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் நடை கொஞ்சம் நீண்டது. கல் நகரும் சத்தம் கேட்டது. குப்பம்மாள் வாளியைத் திறந்தபடியே பேசினாள்.

“அந்தப் பொண்ணா? மறுநாளு வந்துச்சேண்ணா. நானும் இவரு பேருக்குப் பக்கத்துல எம்பேர வெட்டிக்கினு இருந்தேன். தாண்டவராயன்னு எங்கனா இருக்குதாக்கான்னு கேட்டுது. எனக்கு எங்க வீட்டுக்காரரு பேரும் எம்பேரும்தான் படிக்கத் தெரியும். தெரியலம்மான்னேன். சொவத்தத் தடவிக்கினே கடைசிவரிக்கும் போச்சு.”

தாண்டவராயன் கதவைப் பார்த்தார். யாரோ அதை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள். அவருடைய பெயர் மறைந்திருந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“பொம்பளைங்க நாளுல நடந்தத ஆம்பளைங்க கேட்டாத்தான சொல்லலாம். நீங்க கேக்கலியே.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

தாண்டவராயன் நடையின் கடைசிக்குக் கிளம்பினார். எண்பது அடி நடை என்று கோட்டை வரைபடத்தில் போட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் நடந்தார். சுவர் முழுக்கப் பெயர்கள். ஜோடி ஜோடியாகப் பெயர்கள். தேதிகள், ஒரு பாய்மரக் கப்பல், ஒரு யானை, தரையில் யாரோ காவலாளிகள் வெட்டி வைத்த ஆடுபுலிக் கட்டம். ஒரு துடைப்பத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதை நாலு முறை கடந்தார். நாலாவது முறை அது அவருக்கு வணக்கம் சொன்னது. நாலு மணி நேரம் ஆனது. முட்டி வலித்தது. இவ்வளவு தூரமும் அவள் தடவிக்கொண்டே வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. நடந்துகொண்டே அழுதார்.

கடைசிச் சுவரில், தோள் உயரத்தில், அது இருந்தது. முதலில் ஒரு முழம் வெறும் கல். பிறகு ஒரு கூட்டல் குறி. பிறகு ‘வச்சலா’. கீழே ‘மறுநாள்’ என்று மட்டும் இருந்தது. ஆண்டுகூடப் போடவில்லை. அவரைத் தேடிக் கிடைக்காமல், அவருக்கு இடம் விட்டுத் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

கீழே தரையில் இரண்டு பாதங்கள் அளவுக்குக் கல் தேய்ந்திருந்தது. ஆண்டுதோறும் வந்து நின்ற இடம். குழி சரியாகப் பெயருக்கு அடியில் இல்லை. சற்று வலப்பக்கம் தள்ளி இருந்தது. பக்கத்தில் ஒருவர் நிற்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு நின்றிருக்கிறாள்.

அவர் இந்த நாளில் வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். அவள் அடுத்த நாளில் வந்து கடைசியில் நின்றுவிட்டுப் போனாள். நாற்பத்தொன்பது ஆண்டுகள் இப்படியே ஒழுங்காக நடந்திருக்கிறது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய குறியிலும் ஒரு பக்கம் காலி. அதே உத்தரவு. நாளைக்கு ஐந்து மணிக்கு அவளுடைய பெயரையும் பூசிவிடுவார்கள். அவள் மடிமேல் ஆட்கள் உட்காருவார்கள்.

திரும்பி நடந்தார். பதினோரு அடியில் வாசல் வந்துவிட்டது. மணி நாலே முக்கால். கொத்தனார் சுண்ணாம்பு வாளியோடு காத்திருந்தார்.

“எம்பேர பூசிடுங்கம்மா” என்றார் தாண்டவராயன்.

பரிமளா அவரைப் பார்த்தாள். இந்த இடத்தில் எல்லோரும் அழுவார்கள், அல்லது யாராவது மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போடுவார்கள். இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் தானே பாதி சாத்திப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் மூன்று பூச்சுப் பூசினார். பெயர் போய்விட்டது. குறி மட்டும் மூன்று பூச்சுக்கும் அடங்காமல் தெரிந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு பரிமளா விளக்குமாற்றை எடுத்து அவர் நின்ற இடத்தைப் பெருக்கினாள். அவர் காலையும் சேர்த்துப் பெருக்கினாள். அவள் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது தாண்டவராயன் என்ற பெயருக்கு எங்கும் இடமில்லை. ஆகவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் கடைசிச் சுவருக்குப் போனார். உளி இல்லை. வீட்டுச் சாவி இருந்தது. இனி வீட்டுக்கு எதற்குச் சாவி? அதனாலேயே செதுக்கினார். ஒவ்வொரு எழுத்து முடியும்போதும் உடம்பில் ஓர் இடம் குளிர்ந்துபோனது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு, தன் பெயருக்கு அடியில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். முதுகு எளிதாக உள்ளே போனது.

மறுநாள் பெண்கள் வந்தார்கள். பத்து மணிவாக்கில் வச்சலா வந்தாள். எழுபது வயசுக்கு நிமிர்ந்த நடை. கையில் தூக்குவாளி. வழக்கம்போல வாசலிலிருந்தே சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கண் சரியாகத் தெரியாததாலோ பழக்கத்தாலோ, சொல்ல முடியாது. தேய்ந்த குழியில் காலை வைத்து நின்றாள். பரிமளா அளவுகோலோடு வந்து சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“புதுசா யாரோ கிறுக்கியிருக்காங்கம்மா. இது குத்தம். பூசச் சொல்லட்டுமா?”

வச்சலா கையை நீட்டி முதல் எழுத்தைத் தொட்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டுக் கடைசிப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டாள். கல்லுக்குள் தாண்டவராயனுக்கு அது தோளில் பட்டது.

“புதுசு இல்லம்மா. லேட்டா வந்திருக்குது, அவ்ளோதான்.”

பரிமளா பதிவேட்டில் ‘தாமதம்’ என்று எழுதி, காரணம் என்ன என்று கேட்டாள். வச்சலா கொஞ்சம் யோசித்தாள்.

“மாடுன்னு எழுதிக்கோ.”

சீட்டைக் கொடுத்துவிட்டுப் பரிமளா அடுத்த பெயருக்குப் போனாள். வச்சலா தரையில் உட்கார்ந்து வாளியைத் திறந்தாள். புளியோதரை. பாதியை ஓர் இலையில் எடுத்து அவர் பெயருக்கு அடியில் வைத்தாள். மீதியைத் தான் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வாளியை மூடிக்கொண்டு எழுந்தாள். சுவரில் ஒரு முறை கையை வைத்தாள்.

தாண்டவராயனுக்குப் புளியோதரை ஆகாது. நெஞ்சு எரியும். சொல்ல வேண்டியது அது மட்டுமா, எவ்வளவோ இருந்தது. முதலில் இதைச் சொல்லித் தொடங்கலாம் என்றுதான் நினைத்தார். அவள் கையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடை நீண்டுகொண்டே போனது. அடுத்த ஆண்டு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.