இலைமேல் பட்டினி

மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போய், ஒரு வாளியின் வாயில் பழைய துணியைக் கட்ட ஆரம்பித்தார். பூச்சிமருந்துக் கடைக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்ட அது போதுமானதாக இருந்தது.

வடிகட்டியது, அவள் முந்தின நாள் இடித்து ஊறப்போட்ட வேப்பங்கொட்டையை. ஊறப்போட்டவள் விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டாள். கடை நிறைய விஷம் அடுக்கியிருப்பவர் பெண்டாட்டி கொட்டை இடிப்பது தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. “நம்ம வீட்டம்மா புழுவுக்குக் கஷாயம் கொடுத்து வளர்க்கறா” என்று அவரே கடையில் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அவர் சரக்கில் ஒரு சொட்டுகூட அவளுடைய முட்டைக்கோஸ் பாத்தியைத் தொட்டதில்லை.

“அத்தான், இப்ப இது தேவையா? வந்தவங்க உட்கார்ந்திருக்காங்க” என்றாள் மச்சினி.

“வெயில் தாழ்ந்துடுச்சு. இப்பவே அடிக்கணும். நாளைக்கு வெச்சா வீரியம் போயிடும். புழு மொத்தத்தையும் தின்னுடும்.”

“கடையிலேருந்து ஒரு பாட்டில் எடுத்து அடிச்சா ஆச்சு!”

“அவ பாத்தியிலயா?”

மச்சினி உள்ளே திரும்பிப் போனாள். இலையில் ஒட்டுவதற்காக அவர் சோப்பைக் கரைத்து ஊற்றினார். இலை இலையாகப் புரட்டி, அடிப்பக்கம் நனைய அடித்தார். கேலி செய்தவருக்குச் செய்முறை மொத்தமும் மனப்பாடம் என்பதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து குறித்துக்கொண்டோம்.

மறுநாள் காலை எழுந்ததும் ஓடினார். ஒரு புழுகூடச் சாகவில்லை. அவர் சரக்கென்றால் இந்நேரம் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கும்.

“கெடுத்துட்டேனேடீ...” என்று ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கடைசியாகச் செய்த வேலை அவர் கையில் வீணாயிற்று.

உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது. புழு இருந்தது, புது ஓட்டை இல்லை. ஒரு பச்சைப் புழு தலையைத் தூக்கி, இலை விளிம்பில் வாயை வைத்தது. எடுத்தது. சற்றுத் தள்ளி வைத்தது. எடுத்தது. பிறகு, பந்தியில் கோபித்துக்கொண்ட பெரிய மனுஷன் மாதிரி அசையாமல் இருந்தது. பாத்தி முழுக்க அப்படித்தான். சோற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, சாப்பிடாமல். அவள் கஷாயம் கொல்லவில்லை; வாயைக் கட்டியிருந்தது.

மண்டியிட்டு, மூச்சு படாத தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

“அத்தான், டீ ஆறுது! யாரெல்லாமோ வந்திருக்காங்க!”

அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

“மெதுவா பேசு.”

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும் பேச்சை நிறுத்தினோம்.