ஆயிரத்து நானூறு மீட்டர் தாழ்வாரம்

எனக்கு நுரையீரலில் தொற்று வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தாழ்வாரம் நீண்டுவிடும். மற்ற நாட்களில் படுக்கையறையிலிருந்து முன்னறைக்குப் பதினோரு எட்டு வைத்தால் போதும். சித்திரையில் வந்த தொற்றுக்கு அது இருநூறு மீட்டர் ஆனது. ஆடியில் வந்ததற்கு அறுநூறு. இந்த முறை பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் கை நரம்பு வழியாக மருந்து ஏறியது. காய்ச்சல் போய், நான் வீடு வந்த அன்று கஸ்பார் டேப் வைத்து அளந்தார்.

இரண்டு கிலோமீட்டர்.

கஸ்பார் என் கணவர். கீழத்துறை சமூக வானொலியில் ஒலிப்பதிவு அவர் வேலை. என் பெயர் டெல்பினா. அதே வானொலியில் தினமும் மதியம் மூன்று மணிக்குக் கடல் அறிக்கை வாசிப்பவள் நான். காற்று எந்தத் திசை, அலை எவ்வளவு உயரம், படகு போகலாமா கூடாதா என்று சொல்வேன்.

பிறந்ததிலிருந்தே எனக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மற்றவர்களின் சளி இளகியிருக்கும். என்னுடையது கோந்து போல நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். கிருமிகளுக்கு அந்த இடம் பிடிக்கும். மருந்துக்குக் கிருமி அடங்கிவிடும். சோர்வு அடங்காது. அது வேறு இலாகா.

ஆஸ்பத்திரிக்கு முன் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளையும் சேர்த்து, நான் வாசிக்காத பதினாறு நாட்களும் கடல் நகரவில்லை. எழுந்த அலை எழுந்தபடியே நின்றது. வேறு ஆளை வைத்து வாசித்துப் பார்த்தார்கள். கடல் கேட்கவில்லை. நடுக்கடலில் எட்டுப் படகுகள் மாட்டிக்கொண்டன. ஒன்றில் கஸ்பாரின் தம்பி மிக்கேல் இருந்தான். வீசப்போன வலையைக் கையில் தூக்கியபடி நின்றான். தினமும் யாராவது நீந்திப்போய் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தார்கள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தேன். நெபுலைசரில் உப்புநீர் ஆவி பிடித்தேன். மூச்சை ஊதி ஊதி, இருமி, சளியை வெளியே கொண்டு வந்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு நெய் விட்டு ஐந்து இட்லி சாப்பிட்டேன். அதற்குள் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தவள் போல் ஆகிவிட்டேன். மணி எட்டு.

கைப்பேசி அடித்தது. முன்னறையிலிருந்து கஸ்பார்.

"டெல்பி, மைக் ஒயரு அறுநூறு மீட்டருதான் இருக்கு. மிச்சம் நீதான் வரணும்."

"ஆயிரத்து நானூறு."

"ஆமா. நான் வந்து தூக்கிட்டு வரட்டா?"

"வேண்டாம். நீங்க தூக்கிட்டு வந்து நான் சொன்னா கடல் கேக்காது."

"பெறவு?"

"நடந்து வாரேன்."

நூற்றைம்பதாவது மீட்டரில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பின்னால் தாழ்வார ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் சுடலைமணி என்று பெயர் குத்தியிருந்தது.

"ஏன் மெதுவா நடக்கீங்க?"

"சோர்வு சார்."

"பாத்தா நல்லாத்தான இருக்கீங்க?"

"ஆமா."

"நல்லா இருக்கவங்க மெதுவா நடக்கக் கூடாது."

"அப்ப நல்லா இல்லன்னு எழுதிக்கிடுங்க."

"நல்லா இல்லாதவங்க நடக்கவே கூடாது."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"நேத்து எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"பத்து மணி நேரம்."

"அப்புறம் என்ன சோர்வு?"

"தூங்கினா போற சோர்வு இல்ல சார் இது."

அப்படி ஒரு பத்தி பதிவேட்டில் இல்லை. அதனால் இருப்புப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். அதில் ஒரே கேள்வி: எதற்காக இருக்கிறீர்கள்? மூன்று மணிக்கு வாசிப்பதற்காக என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் செல்லும்."

"போதும். நாளைக்கு வேற எழுதித் தாரேன்."

முத்திரை குத்தி அனுப்பினார்.

ஐந்நூறாவது மீட்டரில் பக்கத்து வீட்டு தெரசாக்கா பெஞ்சாக இருந்தார். போன மாதம் வரை தையல்காரர். இப்போது நான்கு கால், பச்சைப் பெயின்ட்.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்து வாரன்னு கேள்விப்பட்ட அன்னைக்கு. உக்காரு."

"இருக்கட்டுங்க்கா. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

உண்மை அதுவல்ல. ஓர் ஆளின் மேல் உட்காரும் அளவுக்கு நான் ஆகிவிடவில்லை என்று காட்ட விரும்பினேன். நடந்தேன்.

எழுநூற்று இருபதாவது மீட்டரில் என் கால்கள் நின்றன. வலி எதுவும் இல்லை. கால்கள் இருந்தன, நகர்த்த உள்ளே ஆள் இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் சரிந்தேன். வியர்வை காய்ந்து கையில் உப்பு பூத்தது. அழலாம் போல இருந்தது. அழுவதற்கு மூச்சு வேண்டும். இருந்த மூச்சை மூன்று மணிக்கு வைத்திருந்தேன்.

பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. தெரசாக்கா நான்கு காலில் வந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு வலிக்கும்க்கா."

"நாப்பது கிலோ இருப்பியா நீ? வலிக்குமாம்லா! படம் காட்டாம உக்காரு மக்கா."

உட்கார்ந்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

அதன்பிறகு தெரசாக்கா கூடவே வந்தார். நூறு எட்டு வைத்தேன், உட்கார்ந்தேன். மறுபடி நூறு எட்டு. இடையில் ஒரு முறை இருமிச் சளியைத் துப்பினேன். ஒரு முறை கடலைமிட்டாய் சாப்பிட்டேன். உட்கார்ந்தால் தோற்றதாகக் கணக்கு என்று முப்பத்தோரு வருடமாக நினைத்திருந்தேன். தாழ்வாரத்துக்கு அப்படி ஒரு கணக்கே தெரியவில்லை. நடந்த தூரம் நடந்ததாகவே இருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு ஆயிரத்து நானூறாவது மீட்டர் வந்தது. கஸ்பார் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒயர் விறைத்திருந்தது.

"எப்படி இருக்கு டெல்பி?"

"கேக்காதீங்க. மூச்சு செலவாவுது."

உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார். குடித்துவிட்டு அறிக்கைத் தாளை வாங்கினேன். வழக்கமாக ஒரு மூச்சுக்கு ஒரு வரி வாசிப்பேன். இன்று மூன்று சொல்தான் வரும் என்று தெரிந்தது.

"அஞ்சு நிமிஷந்தான் குடுத்திருக்காவ," என்றார் கஸ்பார்.

"இன்னைக்கு அரை மணி ஆவும்."

"ஸ்டேஷன்ல ஒத்துக்கிட மாட்டாவ."

"கடல் ஒத்துக்கிட்டா சரி."

அவர் பொத்தானை அழுத்தினார். தெரசாக்கா மேல் உட்கார்ந்தபடி வாசித்தேன்.

"காற்று தென்மேற்கிலிருந்து வீசும்."

நிறுத்தினேன். பக்கத்து ஜன்னலில் கடல் தெரிந்தது. பதினாறு நாளாகத் தூக்கி நின்ற அலை பாதி இறங்கி நின்றது. எனக்காகக் காத்திருந்தது. நான் மூச்சு வாங்கினேன். இருமினேன். அது அவசரப்படுத்தவில்லை.

"மணிக்கு முப்பது கிலோமீட்டர்."

மிச்ச அலை இறங்கியது. மிக்கேலின் வலை தண்ணீரில் விழுந்தது. அவன் கையைத் தொங்கவிட்டு உதறினான்.

மூன்று சொல் சொன்னால் படகுகள் மூன்று முழம் வந்தன. நான் நிறுத்தினால் நின்றன. நடுவில் ஒரு தடவை கண் இருட்டியது. கஸ்பார் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார், சளி இளகத் தட்டுவாரே, அதே தட்டு. எட்டுப் படகும் அந்த நேரம் அலைமேல் அசையாமல் நின்றன. ஒரு படகோட்டி பீடி பற்றவைத்தார். பிறகு அடுத்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

முப்பத்து நான்கு நிமிடங்கள் ஆயின. கடைசிப் படகு மணலில் ஏறியது. மிக்கேல் குதித்து இறங்கி ஜன்னலைப் பார்த்து ஏதோ கத்தினான்.

"என்ன சொல்லுதான்?"

"நாளைக்கும் கடலுக்குப் போணுமாம்," என்றார் கஸ்பார். "வா, கட்டில்ல கொண்டு விடுதேன்."

கட்டில் ஆயிரத்து நானூறு மீட்டர் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"வேண்டாம். இங்கயே பாயைப் போடுங்க."

"தாழ்வாரத்துலயா?"

"ஆமா. மைக்கைத் தலைமாட்டுல வைங்க. நாளைக்கு எந்திரிக்க முடிஞ்சா உக்காந்து வாசிப்பேன். முடியலைனா படுத்துக்கிட்டே வாசிப்பேன்."

"படுத்துக்கிட்டு வாசிச்சா கடல் கேக்குமா?"

"கேக்கும். பழகிரும்."

கஸ்பார் முன்னறையிலிருந்து பாயைக் கொண்டுவந்து விரித்தார். ஒருக்களித்துப் படுத்தேன். அவர் போர்வை எடுக்கப் புறப்பட்டார். போர்வை படுக்கையறையில் இருந்தது. போக ஆயிரத்து நானூறு, வர ஆயிரத்து நானூறு. அவருடைய காலடிச் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.